கல்யாண நாளுக்கு அனிமேஷன் ஓவியம்: டெல்டாவில் இருந்து வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உங்கள் துணையை அனிமேஷன் படத்தில் வரும் காட்சி மாதிரி வரைந்து பரிசாகக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள். இருப்பது கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ. ஒரே கடையில் போய் முடித்துவிட்டு வரக்கூடிய வேலை இல்லை இது. ஓவியர் ஒரு ஊர், பிரிண்ட் போடுபவர் வேறு ஊர், பிரேம் போடுபவர் இன்னொரு ஊர். ஒவ்வொருவரும் அடுத்தவர் வேலையைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். அந்தக் கவலை முழுக்க உங்கள் தலையில்தான். என் கணவருக்காக இதைச் செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று முன்னாடியே தெரிந்திருந்தால் அலைச்சலும் பணமும் பாதியாகக் குறைந்திருக்கும். அதனால் வரிசையாக எழுதுகிறேன்.

1. ஓவியரைத் தேடும் முன் தருணத்தைத் தேடுங்கள்

எல்லோரும் முதலில் இன்ஸ்டாகிராமில் ஓவியரைத் தேடி, விலை கேட்டு, கையில் இருக்கும் கல்யாண போட்டோவை அனுப்பிவிடுகிறார்கள். வருவது என்னவென்றால், அதே கல்யாண போட்டோ, கண் மட்டும் கொஞ்சம் பெரிதாக. அதற்கு ஸ்டூடியோ ஆல்பமே போதும்.

அனிமேஷனில் ஒரு ஃப்ரேமுக்கு (ஓடும் படத்தில் வரும் ஒரு தனிப் படம்) முன்னால் ஒரு ஃப்ரேம் இருக்கிறது, பின்னால் ஒன்று வரப்போகிறது. நடந்துகொண்டிருக்கும் ஒன்றின் நடுவே பிடித்து நிறுத்திய கணம் அது. ஆகவே ஓவியருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு சம்பவத்தின் நடுப்பகுதி. இருவரும் கேமராவைப் பார்த்து நிற்கிற காட்சி வேண்டாம். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸ் கைமாறிய கணம், மழைக்கு ஒதுங்கிய கடை வாசல், முதல் சண்டைக்குப் பிறகு யாரோ ஒருவர் நீட்டிய காபி டம்ளர். உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக இருக்கட்டும்.

நான் ஓவியருக்கு அனுப்பிய குறிப்பை அப்படியே தருகிறேன். இந்த அளவுக்கு எழுதினால் போதும்:

"ஆடி மாதம், மாலை ஐந்தரை மணி. கும்பகோணம் அரசலாற்றுப் பாலம். ஆற்றில் புதுத்தண்ணீர், செம்மண் நிறம். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார், செயின் கழன்று தொங்குகிறது, வலது கை விரல்களில் கிரீஸ். நான் கைக்குட்டையை நீட்டுகிறேன். அவர் இன்னும் வாங்கவில்லை. வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்து வருகிறது. என் புடவை வாடாமல்லி நிறம், தலையில் கனகாம்பரம். மலை வேண்டாம்."

"மலை வேண்டாம்" என்பதை நீங்களும் எழுதுங்கள். வெளியூர் ஓவியர்களிடம் வயல் என்று சொன்னால் பின்னால் தானாக ஒரு மலை முளைத்துவிடும். தென்னை நாலு சேர்ந்தால் கேரளா ஆகிவிடும். நம் பக்கத்தில் அடிவானம் வரை சமதளம்தான். வயல், வாய்க்கால், தூரத்தில் ஒரு கோபுரம். மகாமகக் குளம் வேண்டுமென்றால் சுற்றி இருக்கும் 16 மண்டபங்களில் எந்தப் பக்கத்துப் படித்துறை என்று உங்கள் போனிலேயே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். இணையத்தில் கிடைக்கும் படம் மேலிருந்து எடுத்ததாக இருக்கும், அதை வைத்து மனிதர்கள் நிற்கும் காட்சியை வரைய முடியாது.

கூடவே சேகரிக்க வேண்டியவை: இருவருடைய முகமும் நேராக, பக்கவாட்டில், முக்கால் பங்கு திரும்பிய நிலையில் என மூன்று போட்டோக்கள். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல். கைகள் தெரிகிற ஒரு போட்டோ. மோதிரம், வாட்ச், தழும்பு, மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதெல்லாம் எழுத்தில். செல்ஃபியில் இடம் வலமாக மாறியிருக்கலாம், அதனால் மூக்குத்தி, வகிடு, சட்டைப் பை மூன்றையும் தனியாகச் சரிபாருங்கள்.

2. நான்கு வகை, பையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கீழே இருக்கும் தொகைகள் நான் விசாரித்தபோது சொன்னவை. ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும்.

டிஜிட்டல் ஓவியம். கம்ப்யூட்டரிலோ டேப்லெட்டிலோ வரைந்து ஃபைலாக அனுப்புவார்கள். இருவர், சாதாரண பின்னணி என்றால் 1,500 முதல் 5,000 ரூபாய். பாலம், ஆறு, கோபுரம் என்று முழுப் பின்னணி கேட்டால் இன்னும் பாதி கூடும். பிரிண்டும் பிரேமும் உங்கள் செலவு.

கையால் வரைந்த செல். பழைய கார்ட்டூன் படங்கள் எடுத்த முறை. ஒளி ஊடுருவும் ஷீட்டின் முன்பக்கம் மையில் கோடு, பின்பக்கம் பெயிண்ட். பின்னணி தனியாக ஒரு பேப்பரில் இருக்கும், ஷீட்டை அதன் மேல் வைக்க வேண்டும். என் கண்ணுக்கு இதுதான் மிக அழகு. ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கம் பெயிண்ட் திட்டுத்திட்டாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். முன்பக்கம் அதே பெயிண்ட் ஒரு கறை இல்லாமல் வழவழப்பாகத் தெரியும். கண்ணின் வெள்ளைப் புள்ளியை முதலில் வைத்து, அப்புறம் கருவிழி, அதற்கப்புறம் முகம் என்று தலைகீழ் வரிசையில் பூச வேண்டியிருப்பதால் வேலை அதிகம். என்னிடம் 4,000-இல் தொடங்கி 10,000 வரை கேட்டார்கள்.

அசல் செல். ஏதோ ஒரு படம் எடுக்கும்போது உண்மையிலேயே கேமராவுக்கு அடியில் வைத்த ஷீட். உங்கள் துணை சின்ன வயதில் பார்த்து உருகிய கதாபாத்திரம் என்றால் இதற்கு ஈடில்லை. ஜப்பானியத் தொடர்களின் சாதாரணக் காட்சிகள் 50, 100 டாலருக்கும் கிடைக்கும். புகழ்பெற்ற கதாபாத்திரம், நல்ல முகபாவம் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். இதைப் பற்றி 6-ஆம் பகுதியில்.

அசையும் துண்டு. இரண்டு மூன்று வினாடி ஓடும் சின்ன வீடியோ. விநாடிக்கு 12 படம் என்று வைத்தாலே மூன்று வினாடிக்கு 36 படம் வரைய வேண்டும். ஆகவே "சும்மா கண் சிமிட்டுற மாதிரி" என்று பேரம் பேசாதீர்கள். பட்ஜெட் குறைவு என்றால் ஒரு படத்தில் தலைமுடியும் துப்பட்டாவும் மட்டும் அசையும்படி கேளுங்கள், அது கட்டுப்படியாகும்.

3. ஓவியரை எங்கே பிடிப்பது

பக்கத்திலேயே தொடங்குங்கள். கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்களும் படிப்பவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. கையால் செல் வரைய வேண்டுமென்றால் அவர்கள்தான் சரி, ஏனென்றால் நேரில் போய் உட்கார்ந்து பேசலாம், பாலத்தைக் காட்டலாம், நம் வெயிலின் நிறம் அவர்களுக்குத் தெரியும். செல் முறை பழக்கமில்லை என்று தயங்கினால் முதலில் ஒரு ஓஹெச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்) ஒரு முகம் மட்டும் அக்ரிலிக்கில் பூசிக் காட்டச் சொல்லி அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்களையும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கை வேறு, இந்தக் கோடு வேறு. பின்னணி ஓவியத்துக்கு அவர்கள் பொருந்துவார்கள்.

டிஜிட்டல் என்றால் சென்னை, கோவை, வெளிமாநிலம், எங்கும் இருக்கலாம். பார்க்க வேண்டியது அவர் போட்டிருக்கும் அழகான படத்தை அல்ல. ஒரே ஆளை மூன்று கோணத்தில் வரைந்திருக்கிறாரா, கைவிரல்கள் சரியாக இருக்கின்றனவா, மாநிற முகங்கள் அவர் பக்கத்தில் இருக்கின்றனவா, இந்த மூன்றையும் பாருங்கள்.

இப்போது பெரிய வலை எதுவென்றால், ஏஐ-யில் எடுத்த படத்தைக் கையால் வரைந்ததாகச் சொல்லி விற்பது. ஏஐ-தான் வேண்டும் என்றால் நீங்களே செய்துகொள்ளலாம், அதற்கு 4,000 ரூபாய் எதற்கு? முதல் பேச்சிலேயே மூன்று விஷயம் கேளுங்கள்: பென்சில் வரைவு கொடுப்பீர்களா, முடிந்ததும் லேயர் பிரித்த ஃபைலை (கோடு, வண்ணம், பின்னணி தனித்தனி அடுக்காக இருப்பது) காட்டுவீர்களா, வரைந்ததன் டைம்லாப்ஸ் (வரைந்த வேலையை வேகமாக ஓட்டிக் காட்டும் வீடியோ) கிடைக்குமா. புரோகிரியேட் ஆப்பில் வரைபவர்களுக்கு டைம்லாப்ஸ் தானாகவே பதிவாகும். உண்மையில் வரைபவர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். மழுப்பினால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

4. பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள்

பத்திரம் எல்லாம் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரே மெசேஜாக நீங்கள் அனுப்பி, அவர் "சம்மதம்" என்று பதில் போட்டால் போதும். அதில் இருக்க வேண்டியவை: எத்தனை பேர், பின்னணியில் என்னென்ன, அளவு, மொத்தத் தொகை, முன்பணம், எத்தனை முறை திருத்தம், எந்த நிலையில் திருத்தம், ஃபைல் வகை, கொடுக்கும் தேதி, தேதி தவறினால் என்ன, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும்.

ஃபைல் அளவை எண்ணில் எழுதுங்கள். ஏ4-க்கு 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480 × 3508 பிக்சல். ஏ3-க்கு 3508 × 4961. "ஹெச்டி குவாலிட்டி" என்ற வார்த்தைக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஃபைலை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகவோ டிரைவ் லிங்காகவோ அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், பிரிண்டில் தெரியும்.

உரிமை பற்றியும் ஒரு வரி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் ஓவியர்கள் தங்கள் நிபந்தனையில் வேறு மாதிரி போட்டிருப்பார்கள், அது செல்லும். படியுங்கள். உங்கள் இருவர் படத்தை அவர் தன் பக்கத்தில் போடலாமா, எப்போது போடலாம் என்பதை இப்போதே பேசிவிடுங்கள். கொடுக்கும் நாளுக்கு முன்பே பதிவு போட்டுவிட்டால் ரகசியம் அம்போ.

பிரபலமான கதாபாத்திரத்தின் உடம்பில் உங்கள் முகத்தை வைத்துத் தரச் சொல்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த உருவத்தின் உரிமை ஸ்டூடியோவுடையது, அதில் உங்கள் கதையும் இருக்காது.

முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். யுபிஐ-யில் அனுப்பும்போது வரும் பெயர், அவர் சொன்ன பெயரோடு பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தவில்லை என்றால் யாருடைய கணக்கு என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். பணம் வாங்கியவர் காணாமல் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை நிறுத்திவைக்கும் வாய்ப்பு குறையும்.

5. வரைவு வரும் நேரம்தான் உங்கள் நேரம்

பென்சில் வரைவில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். வண்ணம் பூசிய பிறகு கை எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது ஓவியருக்கு அநியாயம். கையால் பூசும் செல் என்றால் மாற்றவே முடியாது. ஆகவே வரைவு வந்த அன்றைக்கு அவசரமாக "சூப்பர்" போடாமல், ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒன்று, தோலின் நிறம். கேட்காமலே வெளுத்துவிடுவார்கள், நல்லது செய்வதாக நினைத்து. உங்கள் துணைக்கு அவருடைய சொந்த நிறத்திலேயே அவரைக் காட்டுங்கள். என் கணவரின் நிறத்தைப் பகலில் எடுத்த போட்டோவில் இருந்து எடுத்து, அந்த நிறத்தைத் தனியாகக் கட்டம் போட்டு அனுப்பினேன். இரண்டாவது, தமிழ் எழுத்து. கடையின் பெயர்ப் பலகை, பஸ்ஸின் ஊர்ப் பலகை, உங்கள் இருவர் பெயர் என்று எது இருந்தாலும் தமிழ் தெரியாத ஓவியரின் கணினியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்துபோகும். எழுத்தைப் படமாக அனுப்பி "இதை அப்படியே மேலே வரையுங்கள்" என்று சொல்லுங்கள். இறுதிப் படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

முந்தானை எந்தத் தோள், வேட்டி மடிப்பு எந்தப் பக்கம், தாலி இருக்கிறதா (கல்யாணத்துக்கு முந்தைய காட்சியில் இருக்கக்கூடாது அல்லவா) என்பதையும் பாருங்கள்.

6. வெளிநாட்டிலிருந்து அசல் செல் வாங்குவதென்றால்

பேப்பர் வேலை அதிகம் உள்ள பகுதி இதுதான்.

முதலில் பொருள் அசலா என்று பார்க்க வேண்டும். டிஸ்னி 1990-ஐ ஒட்டி வண்ணம் பூசுவதைக் கணினிக்கு மாற்றிவிட்டது. ஜப்பானிய ஸ்டூடியோக்களில் பெரும்பாலானவை 2000-ஐ ஒட்டி மாறின. அதற்குப் பிந்தைய படத்தின் "அசல் புரொடக்‌ஷன் செல்" என்று யாராவது விற்றால் நிதானமாக விசாரியுங்கள். "செரிசெல்" என்று எழுதியிருந்தால் அது விற்பனைக்காகவே ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அச்சிட்டது, கேமராவுக்கு அடியில் போனது இல்லை. அழகாக இருக்கும், வாங்கலாம், அசல் விலை கொடுக்க வேண்டாம். அசல் ஷீட்டின் விளிம்பில் பொதுவாக மூன்று துளைகள் இருக்கும்: நடுவில் வட்டம், இருபுறமும் நீள்துளை. காட்சி எண்ணும் எழுதியிருக்கும். முன்பக்கம், பின்பக்கம், துளைகள், சான்றிதழ் நான்கையும் போட்டோ கேளுங்கள். பின்னணி அசலா, கலர் ஜெராக்ஸா என்றும் கேளுங்கள். விலையில் பெரிய வித்தியாசம் அதில்தான்.

பழைய ஷீட்டில் வினிகர் வாடை வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் ஷீட்டின் பிளாஸ்டிக்கான அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் ஊர் ஈரத்தில் அது இன்னும் வேகம் பிடிக்கும்.

பணம் கட்ட உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கத்தில் இருக்கும். வங்கி ஆப்பில் போய் நீங்களே திறக்க வேண்டும், வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். டாலர் மாற்றுக் கட்டணம் என்று வங்கி தனியாகப் பிடிக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் கஸ்டம்ஸ். "பரிசுன்னு எழுதச் சொல்லிட்டா வரி கிடையாது" என்று யாராவது சொல்வார்கள். 2019 டிசம்பரோடு அந்தச் சலுகை போய்விட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. பொருளின் விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த மதிப்பின் மேல் சுங்கத் தீர்வையும் ஐஜிஎஸ்டியும் (இறக்குமதிப் பொருளுக்குப் போடும் ஜிஎஸ்டி) வரும். வாங்குவதற்கு முன்பே கூரியர் நிறுவனத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள்; வழியில் உடைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

கேஒய்சி (உங்கள் அடையாளச் சான்று) கேட்டு கூரியர்காரர் லிங்க் அனுப்புவார். ஆதார் அல்லது பான் கேட்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் மாட்டுவது: பார்சலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பானில் அப்பா பெயர் முழுசாக. ஆர்டர் போடும்போதே ஆதாரில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பெயரைக் கொடுங்கள். இன்வாய்ஸ், பணம் கட்டிய ரசீது, விற்பவரின் பக்கத்து ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் ஒரே பிடிஎஃப்-ஆகத் தயாராக வைத்திருங்கள்.

சுருட்டி அனுப்ப வேண்டாம், தட்டையாக இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே வைத்து அனுப்புங்கள் என்று எழுதிக் கேளுங்கள். எனக்கு வந்த ஒன்றைக் குழாயில் சுருட்டி அனுப்பியிருந்தார்கள், சட்டைக் கை முழுக்கப் பெயிண்ட் வெடித்திருந்தது. பார்சலைப் பிரிப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுத்திருந்ததால்தான் பணம் திரும்பியது.

7. பிரிண்ட்

டிஜிட்டல் ஃபைல் வாங்கியவர்களுக்கு மட்டும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்குப் போகாதீர்கள். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ கலர் லேப் அல்லது ஆர்ட் பிரிண்ட் போடும் இடத்தில் மேட் பேப்பர் கேளுங்கள். முதலில் சின்ன அளவில் ஒரு சாம்பிள். போன் திரையில் தெரியும் பளபளப்பு பேப்பரில் வராது, நிழல் பகுதிகள் இன்னும் இருண்டுவிடும்.

செல் மாதிரியே தெரிய வேண்டுமென்றால் ஆட்களை மட்டும் ஒளி ஊடுருவும் ஷீட்டில் யுவி பிரிண்டிங் (பிளாஸ்டிக்கின் மேலும் அச்சிடும் முறை) செய்து, பின்னணியைத் தனியாகப் பேப்பரில் அடித்து, ஒன்றன் மேல் ஒன்று வைக்கலாம். அடியில் வெள்ளை மை கொடுக்கச் சொல்ல மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் முகத்துக்குள்ளே ஆற்றுத் தண்ணீர் தெரியும். இதற்கு ஓவியரிடம் ஆட்களும் பின்னணியும் தனித்தனி ஃபைலாக வேண்டும் என்று 4-ஆம் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

8. பிரேம்

இந்த ஒரு விஷயத்தில் டெல்டாக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்காகவே தேக்கில் பிரேம் போடும் கைகள் இங்கே இருக்கின்றன. தஞ்சாவூரில் நான் போன கடையில் அந்த அண்ணன் ஷீட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "கண்ணாடி இதுல படக்கூடாதும்மா. நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு மழைக்காலம் போனா ஒட்டிக்கும், அப்புறம் பெயர்த்தா பெயிண்டோட வரும்." கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவே கெட்டி மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் அட்டை) வைத்து இடைவெளி கொடுத்தார். போர்டின் உள்விளிம்பைச் சாய்வாக, ஒரே இழுப்பில் வெட்டினார். பிசிறு இல்லாத வெள்ளைக் கோடு நாலு பக்கமும் ஓடியது.

அவரிடம் கேட்க வேண்டியவை: அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு (கையில் இல்லாவிட்டால் வரவழைத்துத் தருவார்கள்), பின்னால் ஹார்டுபோர்டு நேரடியாகப் படாமல் ஒரு தடுப்பு, பசை வேண்டாம், ஓரத்தில் மட்டும் மூலைப்பிடி. துளைகள் உள்ள விளிம்பை "அசிங்கமா இருக்கு" என்று வெட்டிவிட அனுமதிக்காதீர்கள். பழைய செல் அதன் பின்னணியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயல வேண்டாம், அப்படியே பிரேம் போடுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது, சூட்டில் பெயிண்ட் போய்விடும்.

ஏ4 அளவுக்குத் தேக்கு பிரேம், மவுண்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்தைத் தொட்டது. சாதாரண பிரேம் அதில் பாதிக்கும் கீழே.

9. நாள் கணக்கு

கொடுக்க வேண்டிய தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பிரேமுக்கு ஒரு வாரம். பிரிண்டுக்கும் சாம்பிளுக்கும் ஒரு வாரம். ஓவியருக்கு மூன்று முதல் ஐந்து வாரம், அதில் வரைவுக்கும் திருத்தத்துக்கும் ஒரு வாரம் உங்கள் பங்கு. வெளிநாட்டுப் பார்சல் என்றால் இதெல்லாம் போக இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

தை, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் ஓவியர்களும் பிரேம் கடைகளும் நிரம்பி வழிவார்கள். பிப்ரவரி 14-க்கு வேண்டுமென்றால் தீபாவளி முடிந்ததும் சொல்லிவிடுங்கள். கையால் பூசும் செல் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்ப்பது நல்லது. பெயிண்ட் காயாது, காய்ந்ததாகத் தோன்றும், விரல் வைத்தால் ஒட்டும். அந்த மாதங்களில்தான் வேண்டும் என்றால் காய்வதற்கு மட்டும் கூடுதலாக ஒரு வாரம் கேளுங்கள்.

10. கொடுத்த பிறகு

வெயில் நேராக விழும் சுவர், சமையலறைச் சுவர், மழையில் ஊறும் வெளிச்சுவரின் உட்புறம் மூன்றும் வேண்டாம். அடைமழை மாதங்களில் பிரேமின் பின்பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் இறக்கி ஃபேன் காற்றில் வையுங்கள். பீரோவுக்குள் பாலித்தீன் சுற்றி வைப்பது கூடாது, அசிட்டேட் ஷீட்டுக்குக் காற்று வேண்டும்.

அசையும் துண்டு வாங்கியிருந்தால் பிரேமுக்குப் பின்னால் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டலாம். அதில் ஓவியர் அனுப்பிய லிங்க்கைக் கொடுக்காதீர்கள், அவர் எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடுவார். வீடியோவை உங்கள் சொந்த டிரைவில் ஏற்றி அந்த லிங்க்கைக் கொடுங்கள். மூல ஃபைல், பென்சில் வரைவு, சான்றிதழ், இன்வாய்ஸ், கஸ்டம்ஸ் ரசீது எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, சான்றிதழின் அசலைக் கல்யாணப் பத்திரிகை வைத்திருக்கும் ஃபைலிலேயே வைத்துவிடுங்கள். பென்சில் வரைவின் அசல் பேப்பரைத் தருவாரா என்று ஓவியரிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.